தலையை உருவும் நாய்க்குத் தகுந்த கழுத்துப்பட்டை

வீட்டில் கட்டிவைத்திருந்த நாய் ஓடிப்போய்விட்டதென்று வருந்துகிறவர்களிடம் அது எவ்வாறு ஓடிற்று என்று சற்று விவரமாக விசாரித்தால், சங்கிலி அறுந்தது என்ற பதிலைக் காட்டிலும், பூட்டு அவிழாத கழுத்துப்பட்டை சங்கிலியின் நுனியிலேயே கிடக்க, நாய் மட்டும் தலையை உருவிக்கொண்டு போய்விட்டது என்ற பதிலே அடிக்கடி கிடைக்கும். அது நேர்ந்த காலத்தைக் கேட்டால், ஐப்பசியும் கார்த்திகையும் பேச்சில் வராமல் போவதில்லை. அதில் வியப்புமில்லை. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இறங்குவதும் தீபாவளி வெடிகள் வெடிப்பதும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் அமைந்துவிட்டன. இடியும் வெடியும் சேர்ந்து நாயின் சித்தத்தைக் கலக்குகிற அதே நாட்களில்தான் அதன் கழுத்திலுள்ள பட்டையும் நனைந்து, ஊறி, தளர்ந்துபோகிறது. நீர் புகாமை ஒரு சௌகரியம், கழன்றுவிடாமை வேறொரு குணம் என்று கடைகளில் இவற்றைத் தனித்தனியே சொல்லி விற்றாலும், ஓடும் சுபாவமுள்ள நாயை வளர்க்கிறவருக்கு இவ்விரண்டும் பிரித்துப் பார்க்கக்கூடாத ஒரே விஷயம் என்பதே இங்கு நான் எடுத்துச் சொல்ல விரும்பும் கருத்து.

கழுத்துப்பட்டை மிகப் புராதனமான பொருள். 1899-ஆம் ஆண்டில் எகிப்து நாட்டின் அரசர் பள்ளத்தாக்கில், விக்டர் லொரே என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்த மையர்பிரி என்ற பிரபுவின் கல்லறையில், சித்திர வேலைப்பாடு அமைந்த நாய்ப்பட்டைகள் இரண்டு கிடைத்தன. அவற்றுள் ஒன்றில் நாயின் பெயரும் எழுதப்பட்டிருந்தது. ஏறத்தாழ 3,400 ஆண்டுகளாக அந்தத் தோல் அழியாமல் இருந்ததற்குக் காரணம் தோலின் உயர்வு மட்டுமன்று, பாலைவனத்தின் வறட்சியே முக்கியமான காரணம். கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய ஆசிரியர் வாரோ, வேளாண்மை பற்றிய தம் நூலில், ஓநாய்களிடமிருந்து மந்தை நாய்களைக் காக்கும்பொருட்டு ஆணிகள் அடித்த தோல்பட்டையை அணிவிக்கும் முறையை விவரிக்கையில், ஆணித் தலைகள் கழுத்தை உறுத்தாதபடி உட்புறத்தில் மிருதுவான தோலை வைத்துத் தைக்க வேண்டுமென்றும் சொல்லியிருக்கிறார். வெளியே வலிமை, உள்ளே மென்மை என்ற அந்த விதி இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் மாறவில்லை. ஆனால் தண்ணீரைப் பற்றிய கவலை எகிப்தின் வறண்ட நிலத்துப் பட்டைகளுக்கு அவ்வளவாக இருக்கவில்லை. அது நம்மைப் போல் மழையிலும் கடலோரத்திலும் வாழ்கிறவர்களின் கவலை.

நாய் தலையை உருவுவது எப்படி என்பதை முதலில் தெளிவாக அறிந்துகொண்டாலன்றி, மேலே சொல்லப்போகும் எதுவும் விளங்காது. முன்னோக்கி இழுக்கிற நாய் பட்டையிலிருந்து கழலுவதில்லை, ஏனெனில் அப்போது பட்டை கழுத்தின் அடிப்பாகத்தை நோக்கி, அதாவது பருத்த பாகத்தை நோக்கித் தள்ளப்படுகிறது. எதையோ கண்டு திடுக்கிட்டு நின்று, முன்கால்களை ஊன்றி, தலையைத் தாழ்த்திக்கொண்டு நாய் பின்வாங்கும்போதுதான், பட்டை மேலேறிக் காதுகளை மடக்கிக்கொண்டு மண்டையைக் கடந்து விழுகிறது. எனவே தீர்மானிக்கிற அளவு கழுத்தின் பருமன் அல்ல, கழுத்துக்கும் தலைக்கும் உள்ள வித்தியாசமே. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி முதலிய நம் வேட்டை நாய்களுக்கு இந்த வித்தியாசம் மிகவும் குறைவு. ஓடுவதற்கென்றே அமைந்த அவற்றின் தேகத்தில் தலை நீண்டு குறுகியும், கழுத்து நீண்டு தசை திரண்டும் இருப்பதால், சாதாரணப் பட்டை எவ்வளவு இறுக்கமாகத் தோன்றினாலும் ஒரே உதறலில் வெளியே வந்துவிடும். ராஜபாளையம் நாய்க்கு, 2005-இல் தபால்தலையில் இடம்பெற்ற பெருமையோடு ஒரு குறையும் உண்டு. வெள்ளை நிறத்தோடு சம்பந்தப்பட்ட பிறவிச் செவிடு அந்த ஜாதியில் காணப்படுகிறது. அப்படிப்பட்ட நாய் ஒருமுறை கைவிட்டுப் போய்விட்டால், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் திருப்ப இயலாது. ஆகையால் அதன் விஷயத்தில் பட்டையின் பொறுப்பு இரட்டிப்பாகிறது.

தலை சிறியதாயில்லாமல் கழுத்தே தடித்துவிட்ட பக் போன்ற சப்பை மூக்கு ஜாதிகளும் இதே சங்கடத்தை வேறு வழியில் தருகின்றன. ஆனால் அவற்றுக்குக் கழுத்துப்பட்டையை இறுக்குவது பரிகாரமாகாது. கழுத்தில் பட்டையிட்டு இழுக்கும்போது நாயின் கண்ணுக்குள் அழுத்தம் உயர்கிறதென்றும், மார்பில் கட்டும் வாரால் இழுக்கும்போது அவ்வாறு உயர்வதில்லையென்றும் 2006-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இயல்பாகவே மூச்சுத் திணறலும் பிதுங்கிய கண்ணும் உள்ள பிராணிக்கு எது ஏற்றது என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

பட்டை வாங்கப் போகிறவர் நாயின் கழுத்தளவை மட்டும் குறித்துக்கொண்டு போவது பொதுவான வழக்கம். ஓடும் நாய்க்கு மூன்று அளவுகள் வேண்டும். தையற்காரரின் நாடாவைக் கொண்டு, காதுகளுக்கு நேர் பின்னாலுள்ள கழுத்தின் மேற்பாகத்தை ஒன்றாகவும், தோளுக்கு அருகிலுள்ள அடிப்பாகத்தை மற்றொன்றாகவும், காதுகளுக்கு முன்னால் நெற்றியைச் சுற்றித் தாடையின் கீழே வருகிற தலையின் மிகப் பெரிய சுற்றளவை மூன்றாவதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டும். மேற்கழுத்தைவிடத் தலை கணிசமாகப் பெரியதாயிருந்தால், இரண்டு விரல் நுழையும் இடைவெளி விட்டுக் கட்டிய சாதாரணப் பட்டையே போதும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாயிருந்தால், எவ்வளவு விலைகொடுத்து வாங்கினாலும் சாதாரணப் பட்டை உதவாது. அதை இன்னும் ஒரு துளை இறுக்கிக் கட்டுவோம் என்று நினைப்பவர்கள், ஓடாத நேரமெல்லாம் நாயை மூச்சுத் திணறச் செய்து, ஓடுகிற ஒரு நொடியில் அதை இழந்துவிடுகிறார்கள்.

இழுக்கும்போது மட்டும் இறுகி மற்ற நேரங்களில் தளர்ந்திருக்கும் பட்டை வேண்டுமென்ற யோசனை இங்கிருந்துதான் பிறக்கிறது. சோக் செயின் என்று வழங்கும் சுருக்குச் சங்கிலி இந்த யோசனையின் முரட்டு வடிவம். அது இறுகுவதற்கு எல்லையே இல்லாததால் மூச்சுக்குழலை நசுக்கும், தளர்ந்த நிலையிலோ தலைவழியே தானே விழுந்துவிடும். ஓடும் நாய்க்கு அது இரு வகையிலும் கேடு. கிரேஹவுண்டு வளர்ப்போரிடையே பெரிதும் வழங்கும் மார்ட்டிங்கேல் என்னும் பட்டையே இந்த யோசனையின் செம்மையான வடிவம் என்பது என் அபிப்பிராயம். அதில் கழுத்தைச் சுற்றி வரும் அகன்ற பட்டையின் இரு நுனிகளிலும் இரண்டு வளையங்கள் இருக்கும். அவ்விரு வளையங்களுக்குள்ளும் ஒரு சிறிய வார் நுழைந்து சுற்றிவர, அந்தச் சிறிய வாரிலுள்ள வளையத்தில்தான் பிடிகயிற்றை மாட்டுகிறோம். நாய் பின்வாங்கினால் சிறிய வார் இழுபட்டு, பெரிய பட்டையின் நுனிகளை ஒன்றையொன்று நெருங்கச் செய்யும். பட்டை மேற்கழுத்தின் அளவுக்குச் சுருங்கி அங்கேயே நின்றுவிடும். சரியாக அளவெடுத்துப் போட்டிருந்தால், முழுவதும் இறுகிய நிலையில் அந்த இரண்டு வளையங்களும் முட்டிக்கொள்ளாமல் நடுவே சிறிது இடைவெளி இருக்கும். வளையங்கள் முட்டிவிட்டால், பட்டைக்கு மேலும் சுருங்க இடமில்லை, அது பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். இதைச் சோதிக்கும் முறை எளிது: கதவு சாத்திய அறைக்குள், நாய்க்கு முன்னால் நின்றுகொண்டு, கயிற்றை மெதுவாக நம்மை நோக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். தெருவில் நாய் செய்யப்போவதை அறைக்குள்ளேயே பார்த்துவிடுவது அது. பட்டை காதின் வேர் வரையில் வந்து நின்றால் சரி. காதை மடக்க ஆரம்பித்தால் அந்தப் பட்டையோடு வாசலைத் தாண்டக் கூடாது.

இனி, எதனால் செய்த பட்டை என்ற கேள்வி. நம் நாட்டில் நெடுங்காலமாகத் தோலுக்கே மதிப்பு. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதம்செய்த தென்னிந்தியத் தோல், 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற பெயரால் உலகச் சந்தையில் கீர்த்தி பெற்றது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை முதலிய ஊர்கள் இன்றும் தோல் தொழிலால் வாழ்கின்றன. நல்ல தோலால் ஆன பட்டை நாயின் கழுத்துக்கு நாளடைவில் பழகி, அதன் வடிவத்தையே ஏற்றுக்கொள்ளும் அழகை வேறு எந்தப் பொருளிலும் காண முடியாது. ஆனால் அந்த இணக்கமே மழைக்காலத்தில் அதன் பலவீனமாகிறது. நனைந்த தோல் இழுத்த பக்கம் நீளும். பக்கிளின் ஊசி நுழையும் துளை வட்டம் மாறி நீள்வட்டமாகும். காய்ந்தபின் தோல் விறைத்து, வெடித்து, பூஞ்சை பிடிக்கும். நேற்று இரண்டு விரல் இடைவெளி இருந்த பட்டையில் இன்று மூன்று விரல் நுழைவது இப்படித்தான். தினமும் நனைய நேருகிற நாய்க்கு, அதிலும் கடலில் இறங்குகிற நாய்க்கு, தோலின்மீது எனக்குள்ள அபிமானத்தையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, தோல் வேண்டாமென்றே சொல்லுவேன்.

நைலான், 1935-இல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனியில் வாலஸ் கரோதர்ஸ் என்ற இரசாயன நிபுணரின் முயற்சியால் பிறந்தது. அது இற்றுப்போகாது, விலையும் குறைவு. ஆகையால் தெருமுனைக் கடை முதற்கொண்டு எங்கும் நைலான் பட்டைகளே தொங்குகின்றன. ஆயினும் நைலான் தண்ணீரை விரும்புகிற பொருள். சாதாரணக் காற்றிலேயே அது தன் எடையில் சுமார் 4 சதவீதம் ஈரத்தை ஏற்றுக்கொள்கிறது. பாலியெஸ்டரோ அரைச் சதவீதத்துக்கும் குறைவாகவே ஏற்கிறது. நனைந்த நைலான் சற்று நீண்டு கொடுக்கும், வலிமையிலும் ஒரு பங்கை இழக்கும். அதைவிட முக்கியமாக, அளவைக் கூட்டவும் குறைக்கவும் வைத்திருக்கும் நகரும் கொக்கி, ஈரமும் எண்ணெய்ப்பசையும் படிந்த நாடாவில் நாளுக்குச் சிறிது சிறிதாக நழுவும். யாரும் தொடாமலே பட்டை பெரிதாகிவிடும். சரியான அளவு அமைந்தவுடன், கொக்கி நிற்கும் இடத்தில் அழியாத மையால் ஒரு கோடு போட்டுவைப்பது நல்லது. கோடு வெளியே தெரிந்தால் பட்டை நழுவிவிட்டது என்று வெளியே கிளம்புமுன்பே தெரிந்துவிடும். பாலிபுரோபிலீன் நாடா தண்ணீரில் மிதக்கும், ஈரத்தை ஏற்காது. ஆனால் தக்க காப்புப் பொருள் சேர்க்காவிட்டால் வெயிலில் விரைவில் நொய்ந்துவிடும் என்பதால், நம் சித்திரை வெயிலை நினைத்துப் பார்த்தே அதை வாங்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் விடையாக வந்தது, பாலியெஸ்டர் நாடாவைப் பி.வி.சி. அல்லது டி.பி.யு. என்ற பிளாஸ்டிக் பூச்சினுள் முழுவதும் பொதிந்து செய்யும் வார். பயோதேன் என்பது அவ்வகையில் பிரசித்தமான வியாபாரப் பெயர்; குதிரைச் சேணங்களுக்குத் தோலுக்குப் பதிலாகவும் இது பயன்படுகிறது. நனைந்தால் நீளாது; துணியால் ஒருமுறை துடைத்தால் உலர்ந்துவிடும்; நாற்றம் பிடிக்காது; உள்ளிருக்கும் பாலியெஸ்டர் இழுவையைத் தாங்கும். நீருக்கு அஞ்சாத பட்டை என்று இன்று சொல்லத்தக்கவற்றுள் இதையே முதலாவதாக நான் கருதுகிறேன். ஆனால் இதற்கும் ஒரு குறை உண்டு. அதைப் பற்றி விற்கிறவர்கள் பேசுவதில்லை. இந்தப் பூச்சு வழவழப்பானது. குட்டை மயிருள்ள நாயின் நனைந்த கழுத்தில் துணிப்பட்டை சற்றே ஒட்டி நிற்க, இது வழுக்கிக்கொண்டு மேலேறும். எனவே நீர் புகாத வாரால் செய்த சாதாரணப் பட்டை, தலையை உருவும் நாய்க்கு, பழைய துணிப்பட்டையைக் காட்டிலும் பத்திரமானது என்று சொல்ல முடியாது. சில நாய்களுக்கு அதனினும் மோசமானது. அதே வாரை மார்ட்டிங்கேல் அமைப்பில் தைத்தாலோ, அந்த வழவழப்பு குணமாக மாறிவிடுகிறது: ஈரத்தில் ஊறிய துணிவார் வளையங்களுக்குள் சிக்கித் தயங்குகிற இடத்தில், பூச்சிட்ட வார் தடையின்றி ஓடி, பட்டையை உடனே இறுக்குகிறது, கயிறு தளர்ந்ததும் உடனே விட்டுவிடுகிறது. பொருளையும் அமைப்பையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதன் காரணம் இதுவே. வாங்கும்போது வாரின் வெட்டுவாயையும் துளைகளையும் பார்க்க வேண்டும். பூச்சு அறுபட்டு உள்நூல் தெரிகிற இடத்தில் தண்ணீர் உள்ளே ஏறும். தையலுக்குப் பதிலாகத் திருகாணியால் இணைத்திருந்தால், அது தளராதபடி பசையிட்டு முடுக்கியிருக்கிறதா என்றும் மாதம் ஒருமுறை திருகிப் பார்க்க வேண்டும்.

பட்டையின் அறுவலிமையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் பலர். உண்மையில் அறுவது பட்டையன்று. 25 கிலோ எடையுள்ள நாய் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் பாய்ந்து கயிற்றின் எல்லைக்கு வந்து 20 சென்டிமீட்டருக்குள் நிறுத்தப்படுமானால், அந்தக் கணத்தில் விழும் இழுவை ஏறத்தாழ 400 கிலோ எடைக்குச் சமானமாகும் என்பது எளிய கணக்கு. நல்ல நாடா இதைத் தாங்கிவிடும். வெயிலில் பல மாதம் கிடந்த பிளாஸ்டிக் பக்கிளும், வாய் ஒட்டாத கம்பி வளையமும், துத்தநாகக் கலவையில் வார்த்த மலிவான கொக்கியும் தாங்குமென்று நம்புவதற்கில்லை. ஆதலால் வளையம் பற்றவைத்து மூடியதாக இருக்க வேண்டும். பக்கிள் ஊசியுள்ள உலோகப் பக்கிளாக இருப்பதே உத்தமம். பிடிகயிற்றின் கொக்கி, நாய் புரண்டு உதறும்போது தானே திறந்துகொள்ளாதபடி திருகிப் பூட்டும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது. நிக்கல் முலாம் பூசிய இரும்பு பார்வைக்கு வெள்ளிபோல் மின்னினாலும், முலாம் கீறிய இடத்தில் ஒரே மழைக்காலத்தில் துரு ஏறிவிடும். பித்தளையும் துருப்பிடிக்காத எஃகும் அவ்வாறு கெடுவதில்லை. கடற்கரையில் உலாவுகிற நாய்க்கு, எஃகிலும் மாலிப்டினம் சேர்ந்த 316 என்ற ரகமே உப்பைத் தாங்க வல்லது. எதுவாயினும் வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும்.

மார்புவார், அதாவது ஹார்னஸ், கழுத்துப்பட்டைக்கு மாற்றாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. சாதாரண ஹார்னஸிலிருந்து வேட்டை நாய்கள் கழுத்துப்பட்டையிலிருந்து வெளியேறுவதுபோலவே பின்வாங்கி வெளியேறிவிடும். ஆழ்ந்த மார்புக்குப் பின்னால் ஒடுங்கிய இடுப்பையும் சுற்றி வரும் மூன்றாவது வார் உள்ள வகையே அவற்றுக்குப் பொருந்தும்; இடுப்பளவுக்குக் கட்டிய வார் அகன்ற மார்பைத் தாண்டி முன்னே வர இயலாது. எனினும் உடம்பில் அவ்வளவு துணி சுற்றியிருப்பதால் மழையில் அது காய நேரமாகும். முன்கால் இடுக்குகளில் உராய்ந்து புண்ணாகும். மிகவும் பயந்த நாய்க்கு, மார்ட்டிங்கேல் பட்டை ஒன்றும் இந்த ஹார்னஸ் ஒன்றும் சேர்த்துப் போட்டு, இரு முனையும் கொக்கியுள்ள கயிற்றால் இரண்டையும் பிடித்துக்கொள்வதே சிறந்த பாதுகாப்பு.

நீர் புகாத பட்டையானாலும் அதன் அடியில் நீர் தங்கும் என்பதை மறந்துவிடுகிறோம். பட்டை ஈரத்தை உறிஞ்சாவிட்டாலும், அதற்கும் தோலுக்கும் நடுவே மயிரில் தங்கிய ஈரம் போக வழியின்றி, தோல் சிவந்து, நாய் பிறாண்டி, கசியும் புண்ணாக மாறும். உண்ணிகளுக்கும் அதுவே இருப்பிடம்; எர்லிக்கியா, பபேசியா என்னும் இரத்த நோய்க்கிருமிகளைப் பரப்புகிற பழுப்பு நாய் உண்ணி, காதின் உட்புறத்திலும் விரலிடுக்கிலும் பட்டையின் அடியிலும் ஒளிந்துகொள்கிறது. எனவே நாள்தோறும் ஒருவேளையாவது பட்டையைக் கழற்றி, கழுத்தைத் துடைத்து, விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வளர்கிற குட்டிக்கு இது இன்னும் அவசியம். குட்டியில் கட்டிய பட்டையோ கயிறோ, வளர்ந்தபின் சதைக்குள் அமிழ்ந்து புண்ணாகிக் கிடக்கிற காட்சியை நம் தெருக்களில் கண்டவர்கள் அதை எளிதில் மறக்க மாட்டார்கள்.

ஓடுகிற நாய் ஏன் ஓடுகிறது என்பதைப் பற்றிச் சிறிதும் சிந்திக்காமல் பட்டையை மட்டும் பலப்படுத்துவது நியாயமாகாது. ருக்மிணி தேவி அருண்டேலின் இடைவிடாத முயற்சியால் வழி பிறந்த 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம், நியாயமற்ற அளவு குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் பிராணியைக் கட்டிவைப்பதையும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு வேண்டிய உலாவல் தராமலிருப்பதையும் குற்றமாகவே வைத்திருக்கிறது. நாள் முழுதும் தூணில் கட்டுண்ட நாய் கட்டு விடுபட்டால் ஓடாமல் என்ன செய்யும்? ஆண் நாய்க்குக் கருத்தடை செய்வதால் அலையும் ஆசை பெரிதும் குறைகிறது. மனிதனுக்குக் கேளாத நுண்ணொலியையும் கேட்கும் செவியுடைய பிராணியை வெடிச் சத்தத்தில் வாசலில் கட்டாமல் உள்ளறையில் வைத்துக்கொள்வதால் மற்றொரு பாதி அபாயம் நீங்குகிறது. உடம்பில் மின்சாரம் பாய்ச்சி அடக்கும் பட்டைகளை வேல்ஸ் நாடு 2010-இலேயே தடை செய்துவிட்டது. பயத்தால் ஓடுகிற நாய்க்கு மேலும் ஒரு பயத்தைக் கழுத்திலேயே கட்டுவதை எவ்வகையிலும் ஆதரிக்க இயலாது.

கடைசியாக, எல்லா ஜாக்கிரதையையும் மீறி நாய் போய்விடும் நாளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பிடித்து நிறுத்துகிற பட்டையும் அடையாளம் சொல்லுகிற பட்டையும் வேறுவேறாக இருப்பது நலம். மார்ட்டிங்கேல் பட்டையை உலாவப் போகும் நேரம் தவிர மற்ற வேளைகளில் போட்டுவைத்தால், கம்பி வேலியிலோ இன்னொரு நாயின் பல்லிலோ அதன் வார் மாட்டிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆதலின் வீட்டில் இருக்கும்போது, ஏதேனும் ஒன்றில் மாட்டினால் தானே விடுபடக்கூடிய இலேசான பட்டை ஒன்றையும், அதில் பெயர்த்தகடு ஒன்றையும் அணிவித்துவைக்கலாம். நாய்க்குப் பெயர் வைத்து அதைப் பொறித்துவைப்பது நமக்குப் புதியதன்று. திருவண்ணாமலை வட்டாரத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று கோவிவன் என்ற நாயின் பெயரைக் கல்லிலேயே தாங்கி நிற்கிறது. தகட்டில் பெயரைவிடத் தொலைபேசி எண் முக்கியம். அது மையால் எழுதியதாயின்றி, மழையில் அழியாதபடி உலோகத்தில் செதுக்கியதாக இருக்க வேண்டும்.

தகடும் பட்டையோடு போய்விடுகிற நாளுக்காகவே, தோலின் கீழே செலுத்தும் 15 இலக்க எண்ணுடைய சில்லு ஏற்பட்டிருக்கிறது. சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு இதையும் 2025-இல் கட்டாயமாக்கியது. அந்தச் சில்லு நாய் இருக்கும் இடத்தைக் காட்டாது. படிக்கும் கருவியை அருகில் கொண்டுவந்தால் எண்ணை மட்டுமே சொல்லும். அந்த எண்ணுக்கு எதிரே பதிவேட்டில் உள்ள விலாசமும் தொலைபேசி எண்ணும் பழையனவாயிருந்தால், நாய் கிடைத்தும் வீடு கிடைக்காது. ஆகவே வீடு மாறுகிறவர்கள் கேஸ் இணைப்புக்கும் ரேஷன் அட்டைக்கும் விலாசம் மாற்றும் வாரத்திலேயே, நாயின் பதிவையும் மாற்றிவிட்டு, புதிய எண் செதுக்கிய தகட்டையும் பட்டையில் மாட்டிவிட வேண்டும்.